அடிகளார் வாழ்ந்த வீடுகள்

மட்டக்களப்புத் தமிழகத்திலே வீடு என்பது பெண்ணுக்குரியது. தாயின் வீடு மகளுக்குச் சேரும். மகள் பலரானால், வளவைப் பிரித்தோ புதிதாக ஒன்று கட்டியோ, ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு கொடுத்தே மணம் முடித்து வைப்பர். ஆண்மகன் தாய்வீட்டிலே பிறந்து, மணநாளிலே மனைவியின் வீட்டுக்குப் போகின்றான். தாய்வழிக் குடிமரபிலிருந்து வந்த இவ்வழக்கம் காரைதீவு, பாண்டிருப்பு, கல்முனை முதலிய ஊர்களிலுள்ள தமிழருக்கு எவ்வாறு உரியதோ, அவ்வாறே சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய ஊர்களிலுள்ள முஸ்லிம் மக்களுக்கும் உரியது. கடவுளை வழிபடும் முறையிலே வேறுபட்ட இரு சமூகத்தாரும் வீட்டை மகளுக்குக் கொடுக்கும் முறையிலே ஒன்றுபட்டிருப்பது வெளியூரார் பலருக்கு வியப்பைத் தருவதாகும்.

இவ்வழக்கத்தை நேராக நோக்கினால் ஒன்று விளங்கும். மணஞ் செய்யாத ஆண்மகனுக்கு எங்கள் ஊரிலே வீடில்லை. தாயின் வீடு தங்கைக்குப் போய்விடும். மனைவியின் வீடு என்று ஒன்று வாய்ப்பதில்லை. துறவு பூண்டவன் வீட்டை விட்டான் என்று பிற நாட்டார் சொல்வர். எமது நாட்டிலோ அவன் தனக்கென வரவிருந்த ஒரே வீட்டை வேண்டாமென்று மறுத்தவனாகின்றான்.

அப்படி மறுத்தவர்களுள் முதன்மையானவர், 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆந் தேதி காரைதீவிலே சாமித்தம்பி, கண்ணம்மை என்பாருக்கு மகனாய்ப் பிறந்து, மயில்வாகனம் என்னும் பிள்ளைப் பெயருடன் வளர்ந்து, விபுலாநந்த அடிகள் என உலகறிய விளங்கிய பெரியார். அவர் வகித்த பதவிகளையும் எழுதிய நூல்களையும் பாடசாலைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். ஆகவே, இங்கே அவருடைய வரலாற்றைப் பதவி வழியாகச் சொல்லாமல், அவர் இருந்த இடங்களின் வழியாகச் சொல்லப் புகுந்தோம். ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்விலே அவர் உறங்கி எழுந்த கூரைகள் பல. அவற்றுள் அவருக்குச் சொந்தமானது ஒன்றுமில்லை.

அவர் பிறந்த காலத்துக் காரைதீவை இன்றைய இளைஞர் மனத்திலே வரைந்து பார்த்தல் வேண்டும். அந்நாளிலே அம்பாறை மாவட்டம் என்று ஒன்று கிடையாது. அது 1961இலேதான் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கிழக்கே கடல், மேற்கே வயல், வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூர் என்று நான்கு எல்லைக்குள் ஒரு மணற்பாங்கான ஊர். தென்னைகளுக்கிடையே வளவுகள், வளவைச் சுற்றிக் கிடுகு வேலி, வேலியிலே ஒரு படலை. வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர், சாணம் மெழுகிய திண்ணை, கிடுகுக் கூரை. வசதியுள்ளோர் சிலர் சுண்ணாம்பும் கல்லுங்கொண்டு கட்டியிருப்பர். மணலிலே சிறிது ஆழம் தோண்டினாலே நல்ல நீர் ஊறும். ஒழுங்கைகள் நேராக ஓடுவதில்லை. வேலி எங்கே வளைந்ததோ அங்கே ஒழுங்கையும் வளையும். ஒழுங்கைக்குப் பெயர்ப்பலகை இல்லை. அங்கே யார் வீடு இருக்கிறதோ அதுவே அதன் பெயர்.

இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாகக் கண்ணகை அம்மன் கோயில். வைகாசி மாதத்திலே கதவு திறந்து, குளிர்த்தி பாடி, ஊர் முழுவதும் நோன்பிருந்து எடுக்கும் விழா அது. கண்ணகி வழக்குரைத்த கதையை ஏட்டிலிருந்து இசையோடு படிப்பார்கள். எழுத்தறியாத பாட்டியரும் கோவலன் கொலையுண்ட இடம் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வர். அந்தக் கோயிலின் அயலிலேதான் அடிகளார் பிறந்த வளவு இருக்கின்றது. தொட்டிலிலே கிடந்த பிள்ளையின் காதிலே விழுந்த முதற் பெரிய கதை இன்னதென்று ஆராயவேண்டிய அவசியமில்லை.

ஒரு பொருத்தத்தையும் இங்கே குறிப்பிடலாம். டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டு வெளியிட்டதும் அதே 1892ஆம் ஆண்டிலேதான். தமிழகத்திலே ஏட்டுச்சுவடிக்குள் மறைந்துகிடந்த காவியம் அச்சேறிய ஆண்டிலே, அக்காவியத்தை மறவாமல் கோயிற் சடங்காக வைத்திருந்த ஊரிலே அதற்கு ஓர் ஆராய்ச்சியாளர் பிறந்தார். இதைத் தெய்வச் செயல் என்பார் என்க. தற்செயல் என்பார் அவ்வாறே கொள்க.

அவர் எழுத்தறிந்த இடங்கள் இரண்டு வகை. ஒன்று திண்ணை. காரைதீவிலே குஞ்சித்தம்பி ஆசிரியர் அவருக்கு அரிச்சுவடி தொடங்கிக் கற்பித்தார். புலோலி வைத்திலிங்க தேசிகர் தமிழும் வடமொழியும் ஊட்டினார். அக்காலத்து ஆசிரியரின் வீடுதான் பாடசாலை; ஆசிரியர் மறைந்தால் பாடசாலையும் மறையும். பிற்காலத்திலே ஓர் இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியரை உருவாக்கிய மணல் எழுத்து எந்த நிலத்திலே எழுதப்பட்டதென்று காட்ட இன்று ஒரு கல் நட்டிருப்போமா? மற்றது மிஷன் பாடசாலை. கல்முனையிலே மெதடிஸ்த மிஷன் ஆங்கிலப் பாடசாலையிலும், பின்பு மட்டக்களப்புப் புளியந்தீவிலே அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் அவர் படித்தார். அங்கே கணிதத்திலே வல்லவரான பொனெல் என்னும் இயேசுசபைக் குருவின் மேற்பார்வை அவருக்கு வாய்த்தது. பதினாறு வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிலே தேறினார்.

அந்நாளிலே காரைதீவிலிருந்து மட்டக்களப்புக்குப் போவதென்றால் இன்றுபோல் பஸ்ஸிலே ஒரு தூக்கம் போட்டு எழும் காரியமன்று. மாட்டுவண்டியும் தோணியுமாக வாவியைக் கடக்க வேண்டும். கல்லடியிலே மானிங் சீமாட்டியின் பெயரால் அமைந்த இரும்புப் பாலம் 1924இலேதான் திறக்கப்பட்டது. பிள்ளையை மட்டக்களப்புக்கு அனுப்பிய தாய், விடுமுறை வரையிலே அவனைக் காண்பதில்லை. விடுதியிலே இருந்து படிப்பது என்றால் என்னவென்பதை அடிகளார் சிறு வயதிலேயே அறிந்தார். பிற்காலத்திலே மாணவர் இல்லங்களை அமைத்தபோது அந்த அறிவு அவருக்குப் பயன்பட்டிருக்கும்.

கொழும்பு வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். ஆசிரியப் பயிற்சி பெற்றார். மருதானையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியிலே சேர்ந்து 1916இலே விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பரீட்சையிலும் தேறினார். பகலிலே இரசாயனம், இரவிலே தொல்காப்பியம். தென்கோவைக் கந்தையாபிள்ளை முதலிய பெரியோரிடம் தமிழ் கேட்டதும் அக்காலத்திலேதான். விஞ்ஞானம் படிப்பவனுக்குத் தமிழ் வேண்டாம், தமிழ் படிப்பவனுக்கு விஞ்ஞானம் ஏறாது என்று நம்மூரிலே இன்றும் சிலர் சொல்லித் திரிகின்றனர். அவர்கள் 1916ஆம் ஆண்டை நினைவிலே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து யாழ்ப்பாணம். 1917இலே அர்ச். பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியர். 1920இலே இலண்டன் பல்கலைக்கழகத்து பி.எஸ்ஸி. பட்டம், பின்பு மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியர். 1921இலே யாழ்ப்பாணத்திலே ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தோன்றியபோது அதிலே முன்னின்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். இளமையிலே மெதடிஸ்தரிடமும் கத்தோலிக்கரிடமும் படித்து, கத்தோலிக்கக் கல்லூரிகளிலே படிப்பித்து, அவ்விரு சபையாரிடத்தும் நன்றி மாறாமலே சைவப் பிள்ளைகளுக்குச் சைவச் சூழலிலே கல்வி வேண்டுமென்று பாடுபட்டார். இரண்டும் ஒருவரிடத்திலே ஒருங்கே இருக்க முடியுமென்பதை இக்காலத்துப் பேச்சாளர் சிலர் நம்ப மாட்டார்.

முப்பது வயது. கையிலே பட்டம், மேலே பதவி, மாதந்தோறும் சம்பளம். காரைதீவு வழக்கப்படி அவருக்காக ஒரு வீட்டிலே படலை திறந்திருந்திருக்கும். அந்த 1922ஆம் ஆண்டிலே அவர் மயிலாப்பூருக்குப் போய், அங்குள்ள இராமகிருஷ்ண மடத்திலே பிரமசாரியாய்ச் சேர்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன்னே இலங்கைக்கு வந்திருந்த சர்வானந்த சுவாமிகளைக் கண்டது முதல் உள்ளத்திலே இருந்த எண்ணம் அது. பிரபோத சைதன்யர் என்பது அங்கே அவருக்கு இடப்பட்ட பெயர். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையிலே, ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சருடைய நேர்ச் சீடரான சிவாநந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார்.

இங்கே ஒரு சொல் நிறுத்திச் சொல்ல வேண்டும். துறவியின் புகழைப் பாடுவோர் பலர். அவர் விட்டுச் சென்ற வீட்டாரை நினைப்போர் சிலர். எங்கள் நாட்டிலே ஆண்பிள்ளை உழைப்பது பெரும்பாலும் தங்கைமாரின் வீட்டுக்காகவே. அண்ணன் கல்லறுத்துக் கொடுத்தான், தம்பி ஓடு வாங்கிக் கொடுத்தான் என்பது ஒவ்வொரு வீட்டின் சுவரிலும் எழுதாத கணக்கு. அப்படிப்பட்ட ஊரிலே, படித்துப் பட்டம் பெற்ற மூத்த மகன் காவி உடுத்துப் போனான் என்றால், அது அந்த வீட்டுக்கு எளிதாக இருந்திருக்க முடியாது. அவர் துறவின் பெருமையை அளக்க விரும்புவோர் அந்த வீட்டையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.

மயிலாப்பூர் மடத்திலே அவருக்குக் கிடைத்தது ஒரு சிறிய அறையும் இரண்டு பத்திரிகைகளும். தமிழிலே இராமகிருஷ்ண விஜயம், ஆங்கிலத்திலே வேதாந்த கேசரி. இரண்டையும் நடத்தும் பொறுப்பிலே பங்குகொண்டார். 1926இலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக மதங்க சூளாமணி வெளிவந்தது. சேக்கிழாரையும் கம்பரையும் சொல்லிவந்த பண்டிதர் சபையிலே ஷேக்ஸ்பியரின் நாடகங்களை வைத்து நாடகத் தமிழைப் பேசிய நூல் அது.

1925இலே இலங்கைக்குத் திரும்பியபின் அவர் செய்த வேலை, தமக்கு வீடில்லாதவர் பிறருக்கு வீடமைத்த வேலை. யாழ்ப்பாணத்து வைத்தீஸ்வர வித்தியாலயம், திருகோணமலை இந்துக் கல்லூரி, மட்டக்களப்பு மாவட்டத்திலே இராமகிருஷ்ண சங்கத்தார் ஏற்ற பாடசாலைகள் ஆகியவற்றையெல்லாம் மேற்பார்த்தார். காரைதீவுப் பெண்பிள்ளைகளுக்குச் சாரதா வித்தியாலயம். பெண்ணுக்கு வீடு கொடுக்கத் தெரிந்த ஊர் பெண்ணுக்கு எழுத்துக் கொடுக்கத் தயங்கிய காலம் அது. 1927இலே மகாத்மா காந்தி இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்து இளைஞரிடையே எழுந்த உற்சாகத்திலும் அடிகளாருக்குப் பங்குண்டு.

இவற்றுள் தலையாயது கல்லடி உப்போடையிலே 1929இலே தொடங்கிய சிவானந்த வித்தியாலயம். ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், நடுவிலே தென்னை நின்ற மணல். பாலம் கட்டி ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பட்டணத்திலே இடம் தேடாமல், பாலத்துக்கு இப்பால் இருந்த வெறும் மணலை ஏன் தேர்ந்தாரென்று கேட்கலாம். தென்புறத்து ஊர்ப் பிள்ளைகள் வாவியைக் கடவாமலே வந்து சேரலாம் என்பது ஒரு காரணமாயிருக்கலாம். பாடசாலையோடு மாணவர் இல்லமும் நடந்தது. தகப்பனில்லாத பிள்ளையும் வயற்காரன் பிள்ளையும் ஒரே பந்தியில் உண்டனர். வித்தியாலயத்துக்குத் தம் பெயரை இடவில்லை. குருவின் பெயரை இட்டார். 1960, 1961ஆம் ஆண்டுகளிலே உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது நிருவாகம் மாறியது, பெயர் மாறவில்லை.

1931இலே சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றி இரண்டே ஆண்டு. அங்கே தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1933 வரை இருந்தார். இரண்டு செய்திகள் அங்கே மறக்கத்தகாதவை. ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு அயலிலே திருவேட்களத்துச் சேரியிலே தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்கு மாலை வேளையிலே தாமே சென்று எழுத்தறிவித்தது. பகலிலே பட்ட வகுப்பு, மாலையிலே அரிச்சுவடி வகுப்பு. மற்றது, பாரதியார். அவர் மறைந்து பத்து ஆண்டுகள் ஆகியும், இலக்கணம் அறியாதவர் என்று பண்டிதர் சிலர் அவரைப் புறக்கணித்திருந்தனர். அத்தகைய காலத்திலே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பாரதி கழகம் அமைத்து, அப்பாடல்களை மாணவர் பாடும்படி செய்தார் அடிகளார். பண்டிதப் பட்டம் பெற்ற ஒருவரே முன்வந்து செய்ததால் பிறருடைய வாய் அடங்கிற்று.

சிதம்பரத்துக்குத் தெற்கே காவிரி கடலோடு கலக்குமிடத்திலே புகார் இருக்கின்றது. இருக்கின்றது என்று சொல்வதும் பிழைதான், இருந்தது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையைப் படித்தவர் அவ்வூரின் தெருக்களை அறிவர். மருவூர்ப்பாக்கத்திலே யவனர் இருக்கை, வண்ணமும் சுண்ணமும் விற்போர் வீதி, பட்டும் பவளமும் விற்போர் வீதி, பொன் செய்வார், மரம் இழைப்பார், தோல் தைப்பார் என்று ஒவ்வொரு தெருவிலும் யார் வீடு என்று சொல்லிச் செல்லும் காதை அது. பட்டினப்பாக்கத்திலே வணிகர் மாடங்கள், அந்தணர் வீதி, உழவர் வீதி. யாழ்ப்பாணர் இருக்கையும் உண்டு. அத்தனை வீட்டுள் ஒன்றேனும் இன்று நிற்கவில்லை. கடல் கொண்டதென்று மணிமேகலை கூறும். 1960களிலே கீழையூரிலே தொல்பொருட் கழகத்தார் அகழ்ந்தபோது படகு கட்டும் செங்கற் கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. பூம்புகார்த் தெருவிலே கடலும் மண்ணும் மீதி வைத்தவை இத்தகைய சில செங்கற்களே.

தெரு போனதோடு அத்தெருவார் வாசித்த கருவியும் போயிற்று. யாழ் என்னும் சொல் இருந்தது. யாழ்ப்பாணம் என்று ஊரே இருந்தது. யாழைக் கண்ணாற் கண்டவர் ஒருவருமில்லை. வீணையைத்தான் யாழென்று முன்னோர் சொன்னார் என்று கற்றோரும் எழுதிவந்தனர். அடிகளார் இதை ஏற்கவில்லை. அவர் கையாண்ட முறையைச் சிறிது விரித்துச் சொல்வது இளைஞருக்குப் பயன்படும்.

அவருக்கு முதலாகக் கிடைத்தது அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும். அந்த உரையிலே பேரியாழுக்கு நரம்பு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று எண் இருந்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர் இருந்தது. பண் பிறக்கும் முறை பற்றிய குறிப்பும் இருந்தது. கருவி இல்லை, ஓசை இல்லை. பண்டிதர் இவ்விடத்திலே நின்றுவிடுவர். அடிகளார் பௌதிகம் படித்தவர். ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே இசை மேல் தானத்திலே பிறக்கும், மூன்றில் இரண்டாக்கினால் ஐந்தாம் இசை பிறக்கும், நான்கில் மூன்றாக்கினால் நான்காம் இசை பிறக்கும் என்பது அவர் ஆய்வுகூடத்திலே அறிந்தது. உரையிலிருந்த சொல்லை இந்தக் கணக்கோடு பொருத்தினார். வில் போன்ற யாழிலே நரம்பெல்லாம் வெவ்வேறு நீளமாக இருக்கும். வீணையிலே ஒரே நரம்பை மெட்டிலே அழுத்திப் பல இசை எழுப்புவர். ஆகவே, இரண்டும் ஒன்றாக முடியாது. தேவாரப் பண்களையும் பழைய கோயிற் சிற்பங்களையும் துணைக்கொண்டு, விடுபட்ட இடங்களை நிரப்பினார். ஏறக்குறைய பதினான்கு ஆண்டு இவ்வேலை நடந்தது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயலாக முடிந்தது யாழ்நூல்.

இதை வாசிக்கும் நம் சங்கத்து இளைஞருக்கு ஒரு வேலை சொல்ல விரும்புகின்றோம். புகார்த் தெரு இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தியது. எமது தெருக்கள் நேற்றுப் போனவை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி அடித்த சூறாவளி கிடுகுக் கூரையையும் தென்னையையும் ஒன்றாய்ச் சாய்த்தது. 1985 ஏப்ரலிலே காரைதீவிலே மூண்ட கலவரத்திலே வீடுகள் எரிந்தன. அது இரு சமூகத்தாரும் நினைக்கக் கூசும் நாள். 1990இலே மீண்டும் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26ஆந் தேதி காலையிலே கடல் வந்தது. இலங்கையிலே உயிர்ச்சேதம் மிக்க மாவட்டம் எமதே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று கடலோரத்து முதல் வரிசை வீடுகள் அத்திவாரத்தோடு போயின. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக்கூடாதென்று அரசு முதலிலே விதித்தது. பிறகு அவ்விதி தளர்த்தப்பட்டது. அதற்கிடையே பலர் வேறிடம் போய்விட்டனர். மகளுக்கென்று தாய் வைத்திருந்த வளவு மணல்மேடாயிற்று. எஞ்சி நின்ற பழைய வீடுகளையோ வெளிநாட்டுக் காசு வந்ததும் நாமே இடித்துக் கொங்கிறீற் போட்டோம். அதற்குக் கடலைக் குறை சொல்ல முடியாது.

போன தெருவை மீட்டுக் கட்ட வேண்டுமென்று சொல்லவில்லை. அது எங்கே இருந்தது, யார் யார் வீடு எந்த வரிசையிலே நின்றது என்று எழுதி வைக்க வேண்டும் என்கின்றோம். அதற்கு ஏடு எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கின்றது. பழைய காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். வடக்கு இன்னாளின் வளவு, கிழக்கு ஒழுங்கை, தெற்கு இன்னாரின் தென்னந்தோட்டம், மேற்கு வாய்க்கால் என்று நான்கு எல்லையும் எழுதியிருக்கும். ஓர் உறுதியிலே வடக்கு எல்லையாக வருபவளின் உறுதியைத் தேடினால், அவளுடைய வடக்கு எல்லை தெரியும். இப்படி இருபது உறுதிகளைக் கோத்தால் ஓர் ஒழுங்கை முழுவதும் எழுந்து நிற்கும். கோயிலிலே எந்தக் குடிக்கு எந்த நாட் சடங்கு என்னும் வரிசையும், பள்ளிவாசலிலே மரைக்காயர் முறையும் மேலும் துணை செய்யும். தாய்வழியிலே வீடு போவதால், பெண்களைக் கேட்க வேண்டும். ஆண்களைக் கேட்டால் பாதிதான் வரும். எண்பது வயதான பாட்டி ஒருத்தி வேலிக் கம்பு முதற்கொண்டு சொல்வாள். அவள் இன்னும் எத்தனை வைகாசி காண்பாளோ தெரியாது. சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் இடையே எல்லைப் பேச்சு எழும் காலத்திலே இது வம்பு என்று சிலர் அஞ்சலாம். முன்னாளிலே ஒரே ஒழுங்கையிலே யாருக்கு யார் அயலாராயிருந்தனர் என்பது எழுத்திலே இருந்தால் வம்பு குறையுமே தவிர வளராது என்பது எமது எண்ணம்.

மீண்டும் அடிகளாரிடம் வருவோம். 1936இலே சென்னையிலே விஞ்ஞானக் கலைச்சொல் ஆக்கும் பணியிலே தலைமை தாங்கினார். 1937இலே கைலாச யாத்திரை. 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலிலே மாயாவதி அத்துவைத ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரத என்னும் ஆங்கிலப் பத்திரிகையை நடத்தினார். ஆறாயிரம் அடி உயரம், சுற்றிலும் தேவதாருக் காடு, எதிரே பனிமலை. அந்தப் பனியிலும் யாழ்நூற் கணக்கை அவர் விட்டிலர். காரைதீவு மணலிலே வளர்ந்த உடம்புக்கு அக்குளிர் ஏற்றதன்று. 1943இலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தார். அக்காலத்திலே அவர் உடல்நலம் குன்றிக்கொண்டே வந்தது. நூலை முடிக்க வேண்டும் என்னும் எண்ணம் மாத்திரம் குன்றவில்லை. கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியாரின் ஆதரவிலே புதுக்கோட்டையில் தங்கி அதனை நிறைவு செய்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் அச்சிட முன்வந்தனர்.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5, 6ஆந் தேதிகளிலே, தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே, யாழ்நூல் அரங்கேறிற்று. திருஞானசம்பந்தர் ஓடத்திலே ஆறு கடந்த தலம் அது. அடிகளாருடைய கணக்கின்படி செய்த யாழை அங்கே வாசித்துக் காட்டினர். எத்தனையோ நூற்றாண்டு வாய் திறவாத கருவி அன்று ஒலித்தது. அது சங்க காலத்து ஓசைதானா என்று இசைவல்லோர் இன்றும் வாதிடுகின்றனர். வாதிடுவதற்கு ஒரு கருவியை முன்னே வைத்தவர் அவரே.

அதன்பின் அவர் உயிரோடிருந்தது ஆறு வாரம். 1947 ஜூலை 19ஆந் தேதி கொழும்பிலே சமாதியடைந்தார். இந்தியா விடுதலை பெற ஒரு மாதமே இருந்தது. உடலைக் கொழும்பிலேயே அடக்கம் செய்திருக்கலாம். பிறந்த வளவுக்குக் கொண்டுபோயிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. கிழக்கே கொண்டுவந்து, கல்லடி உப்போடையிலே, சிவானந்த வித்தியாலய வளவிலே, மாணவர் நடமாடும் இடத்திலே அடக்கினர். இறைவனுக்கு உகந்த மலர் எது என்று கேட்டு, உள்ளத்தையே மலராகக் காட்டி அவர் பாடிய செய்யுள் சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ளது.

காரைதீவிலே கண்ணகை அம்மன் கோயிலுக்கு அயலிலே அவர் பிறந்த இடம் நினைவிடமாகப் பேணப்படுகின்றது, மணிமண்டபமும் உண்டு. அதைச் சுற்றியிருந்த கிடுகு வேலிகளும் வளைந்த ஒழுங்கைகளும் இன்றில்லை. கல்லடியிலே 2004ஆம் ஆண்டுக் கடல், கரையோரத்துத் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரத்தைச் சாய்த்தது. நாவலடியிலே வீடுகளை வாரிக்கொண்டு போயிற்று. பழைய இரும்புப் பாலத்துக்கு அருகே 2013இலே புதிய பாலமும் வந்துவிட்டது. வித்தியாலய வளவிலே சமாதி இருக்கின்றது. காலையிலே மணி அடித்ததும் பிள்ளைகள் அதைக் கடந்தே வகுப்புக்குப் போகின்றனர்.